கேம் ஏன் இவ்வளவு விலை, ஏன் இவ்வளவு லேட்டு? அடிக்கடி கேக்கிற கேள்விகள்

மட்டக்களப்பு டவுனுக்க சின்ன கேம் கடை ஒண்டு வச்சிரிக்கன், சனி ஞாயிறுல கேம் செய்யப் பழக்கிற வகுப்பும் போகுது. ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை எண்டு எல்லாப் பக்கத்தாலயும் வாற பொடியனுகளும் அவங்கட வீட்டாக்களும் கேக்கிறது பெரும்பாலும் ஒரே கேள்விகள் தான், அதால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதிப் போடுறன். டாலர் கணக்கு வாற இடத்துல 300 ரூபா எண்டு வச்சிக்கோங்க, கொஞ்சம் முன்னப்பின்ன இரிக்கும்.

70 டாலர் எண்டா 21,000 ரூபா. இது கொள்ளை தானே அண்ணே?

எங்கட பக்கத்துல இருந்து பாத்தா ஓம், மறுக்க ஏலாது. 21,000 ரூபாக்கு ஒரு வீட்டுக்கு எத்தின நாள் சாமான் வாங்கலாம். ஆனா அவங்கட கணக்கு வேற, எங்கட கணக்கு வேற. அமெரிக்காவுல 2005ல எக்ஸ்பாக்ஸ் 360 வந்த நேரம் பெரிய கேமுகள் 50ல இருந்து 60 டாலருக்கு ஏறிச்சு, பிறகு 15 வருஷம் அந்த விலை அசையவே இல்ல, 2020ல தான் 70 ஆச்சு. அவங்கட நாட்டு பணவீக்கத்தச் சேத்துப் பாத்தா அண்டைக்கு இருந்த 60 டாலர் இண்டைக்கு 90ஐயும் தாண்டும், அப்ப அவங்களுக்கு கேம் உண்மையில மலிஞ்சு தான் இரிக்கு.

எங்களுக்கு நடந்தது வேற. 2022 தொடக்கத்துல டாலர் 200 ரூபாக்கிட்ட இருந்தது, சித்திரை வருஷம் முடிய 360க்குப் போயிட்டு. 12,000 ரூபாக்கு இருந்த அதே 60 டாலர் கேம் 21,000ஐத் தாண்டினது அப்பிடித்தான், கேம் செஞ்சவன் ஒரு சதமும் கூட்டல்ல. இங்க விலை ஏறினதுக்கு பாதிக் காரணம் ரூபா, அத ஸ்டூடியோவுட, அதாவது கேம் செய்யிற கொம்பனியிட, தலையில கட்டுறது சரியில்ல.

இனியும் ஏறுமா எண்டா, 2025ல நின்டெண்டோ மாரியோ கார்ட் வேர்ல்டுக்கு 80 டாலர் போட்டது. அதே வருஷம் மைக்ரோசாஃப்டும் தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2க்கு 80 எண்டு சொல்லிட்டு, சனம் கத்தின கத்துல 70க்கு இறங்கிச்சு. ஏத்திப் பாப்பாங்க, கத்தினா இறங்குவாங்க, கொஞ்ச நாளைக்குப் பிறகு திரும்ப ஏத்திப் பாப்பாங்க.

200 மில்லியன், 300 மில்லியன் டாலர் எண்டுறாங்களே, அவ்வளவு காசு எங்க போகுது?

சம்பளத்துக்கு. இத விளங்கிக்கிட்டா மிச்சக் கேள்வியில பாதிக்கு நீங்களே பதில் சொல்லுவீங்க.

இந்தக் கணக்கெல்லாம் கொம்பனிகள் வெளியில சொல்றதில்ல, தப்பித் தவறித்தான் வரும். 2023 ஜூன் மாசம் அமெரிக்க கோட்டுல மைக்ரோசாஃப்ட், கால் ஆஃப் டூட்டி செய்யிற ஆக்டிவிஷன் கொம்பனிய வாங்கிறதப் பத்தின வழக்கு நடக்கக்குள்ள பிளேஸ்டேஷன் (பிஎஸ்) செய்யிற சோனி குடுத்த பேப்பருகள்ல ரகசிய இடங்கள மார்க்கர் பேனையால அடிச்சிரிந்தாங்க, ஸ்கேன் பண்ணினா எழுத்து அப்பிடியே தெரியுது. அதுல பாத்தா தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2க்கு 220 மில்லியன், ஹொரைசன் ஃபொர்பிடன் வெஸ்டுக்கு 212 மில்லியன். அந்த வருஷக் கடைசியில இன்சோம்னியாக் ஸ்டூடியோவ ஹேக் பண்ணி ஃபைலெல்லாம் வெளியில வந்தது, அதுப்படி ஸ்பைடர்மேன் 2க்கு கிட்டத்தட்ட 300 மில்லியன். இதெல்லாத்தையும் தாண்டினது கால் ஆஃப் டூட்டி பிளாக் ஆப்ஸ் கோல்ட் வார், வேற ஒரு வழக்குல கோட்டுல குடுத்த கணக்குப்படி 700 மில்லியனுக்கு மேல, ரிலீஸுக்குப் பிறகு செஞ்ச வேலையும் அதுக்குள்ள அடக்கம்.

இப்ப ஒரு கணக்கு போடுவம். இந்தத் தொழில்ல கனகாலமா ஒரு ஆளுக்கு ஒரு மாசத்துக்கு 10,000 டாலர் எண்டு பொதுவா வச்சிக்கொள்ளுவாங்க, சம்பளம், இன்சூரன்ஸ், கட்டட வாடகை, கரண்ட், கம்ப்யூட்டர் எல்லாம் சேத்து. லொஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி இடத்துல இப்ப அதையும் தாண்டும். ஹொரைசன்ல உச்சத்துல 300 பேர், 5 வருஷம். 300 பேர், 60 மாசம், 10,000 டாலர், பெருக்கிப் பாருங்க, 180 மில்லியன் வரும். கோட்டுப் பேப்பர்ல இருந்தது 212. கிட்ட வந்துட்டா? விளம்பரச் செலவு பெரும்பாலும் இதுக்குள்ள வாறதில்ல, அது தனி.

அப்ப செலவு ஏறுது எண்டா ஒண்டு ஆள் கூடுது, இல்லாட்டி மாசம் கூடுது. வேற மாயம் ஒண்டும் இல்ல.

முந்தி ஜிடிஏ வருஷத்துக்கு ஒண்டு வந்துச்சு. இப்ப ஏன் 13 வருஷம்?

ஓம், ஜிடிஏ 3 வந்தது 2001, வைஸ் சிட்டி 2002, சான் ஆண்ட்ரியாஸ் 2004. எங்கட ஊர்ல கனபேர் பழகினதே வைஸ் சிட்டியில தான், டவுன்ல சிடி போட்டு வித்த காலம். ஜிடிஏ 5 2013 செப்டம்பர்ல வந்தது, 6 வாறது 2026 நவம்பர் 19 எண்டு அத செய்யிற ராக்ஸ்டார் சொல்லியிரிக்கு, 2025 எண்டு முதல் சொல்லி ரெண்டு தரம் தள்ளிப் போட்டது தான் அது.

வைஸ் சிட்டியில ஒரு ஆள்ட கைய நல்லா பாத்திரிக்கீங்களா? விரல் இல்ல, ஒரு கட்டை. முகத்துல வாய் சரியா அசையாது. அண்டைக்கு அது போதும். இண்டைக்கு அந்தக் கைக்கு விரல் வேணும், நகம் வேணும், வேர்வை பட்டா மினுங்கோணும், துவக்கப் பிடிக்கிறது வேற மாதிரி, ஸ்டியரிங்கப் பிடிக்கிறது வேற மாதிரி. ஒருத்தன் ரெண்டு நாள்ல முடிச்ச சாமான நாலு பேர் ஒரு மாசம் செய்யிறாங்க, மொடல் செய்யிறவன் வேற, எலும்பு போடுறவன் வேற, அசைக்கிறவன் வேற, வெளிச்சம் போடுறவன் வேற. பிறகு இவங்கட வேலை ஒண்டோட ஒண்டு முட்டாமப் பாக்கிறதுக்கு மேனேஜருகள். ஆள் கூடக்கூட கதைச்சு முடிக்கிற நேரமும் கூடுது, 40 பேர் ஒரு ரூமுக்குள்ள இருந்து எடுக்கிற முடிவுக்கு 1,000 பேர் இருக்கிற இடத்துல கிழமைக்கணக்குல மீட்டிங் வைப்பாங்க. வெளியில ஆரும் இதப் பத்திக் கதைக்கிறதில்ல, எனக்கெண்டா காசு கனக்கக் கரையிறது இங்க தான் எண்டு படுது.

சரி அண்ணே, விரல்ல நகம் வேணும் எண்டு நாங்களா கேட்டம்?

கேட்டம். ஆனா முதல் ஆசை காட்டினது அவங்க.

2018 ஸ்பைடர்மேன் கேம் ரிலீஸுக்கு முன்னுக்கு ஒரு சண்ட நடந்தது, வகுப்புல நான் எப்பவும் சொல்ற கதை இது. 2017 ட்ரெய்லர்ல ஒரு கட்டடத்துக்கு மேல தண்ணி தேங்கி நிக்கும், ரிலீஸுக்குக் கிட்ட வந்த வீடியோவுல அந்தத் தண்ணி கொஞ்சம் சின்னன். அவ்வளவு தான். கிராபிக்ஸக் குறைச்சிட்டாங்க, ஏமாத்திட்டாங்க எண்டு இன்டர்நெட் முழுக்க ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வட்டம் போட்டுப் பகிர்ந்தாங்க. நாங்க தண்ணியிட அளவ மாத்தினது தான் எண்டு ஸ்டூடியோ விளக்கம் சொல்லியும் அடங்கல்ல. கடைசியில அவங்களே பகிடியா கேமுக்குள்ள படம் எடுக்கிற ஃபோட்டோ மோட்ல ஒட்டுறதுக்கு தண்ணிக்குட்டை ஸ்டிக்கர் குடுத்தாங்க. பகிடி தான், ஆனா அதப் பாத்த அடுத்த ஸ்டூடியோ என்ன செய்யும்? தண்ணிய அளவாப் பாத்துக்க ஒருத்தன வேலைக்குப் போடும். அதுவும் மாசக் கணக்குல தான் ஏறும்.

ஆனா சனத்துல மட்டும் பிழை சொன்னா நான் பொய்யன். சைபர்பங்க் 2077ட முதல் ட்ரெய்லர் வந்தது 2013ல, கேம் வந்தது 2020 டிசம்பர் 10. ஏழு வருஷம் ஆசையக் காட்டிக் காட்டி வித்துட்டு, பிஎஸ் 4ல போட்டா முகம் தெரியாது, நடு ரோட்டுல நிண்டு போகும். ஒரு கிழமையில சோனியே அத ஸ்டோர்ல இருந்து தூக்கிட்டுது, காசும் திருப்பிக் குடுத்தது, அடுத்த ஜூன்ல தான் திரும்ப வச்சாங்க. பிறகு திருத்தித் திருத்தி இப்ப நல்ல கேம், அது வேற கதை. ட்ரெய்லருக்கு ஒரு கேம், டிஸ்க்குல ஒரு கேம் எண்டு இரிக்கக்குள்ள சனம் தண்ணிக்குட்டைய அளக்காம என்ன செய்யும்?

2023ல பால்டர்ஸ் கேட் 3 வந்த நேரம் இன்னொரு விதமாக் கிளம்பிச்சு. இனி எல்லா ஆர்பிஜியும் (ஒரு பாத்திரமா இருந்து கதைக்குள்ள போற கேம்) இப்பிடித்தான் இரிக்கோணும் எண்டு ரசிகர்மார், அப்பிடி எல்லாராலயும் ஏலாது எண்டு மத்த டெவலப்பர்மார். அந்தக் கேமுக்குள்ள 174 மணித்தியால காட்சி இரிக்கு எண்டு அத செஞ்ச லாரியன் ஸ்டூடியோவே சொன்னது. கிட்டத்தட்ட ஆறு வருஷம், நானூறுக்கு மேல ஆக்கள், அதோட 2020ல இருந்தே முடியாத கேம வித்து சனத்த விளையாட விட்டு திருத்தி எடுத்தாங்க. அத அளவுகோலா வச்சா நல்ல கேம் நாலு மட்டும் தான் மிஞ்சும்.

பழைய மேப்ப, பழைய அனிமேஷன திருப்பிப் பாவிச்சா அது சோம்பேறித்தனம் தானே?

இல்லவே இல்ல. இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு கோவம் வரும்.

எங்கட ஊர் வடமோடிக் கூத்த எடுங்க. அதே மத்தளம், அதே தாளக்கட்டு, அதே வரவு, உடுப்பும் பக்கத்து ஊருல இருந்து வந்திரிக்கும், கதையும் எல்லாருக்கும் தெரிஞ்ச பாரதக் கதை. போன வருஷம் பாத்த ஆட்டத்த திரும்ப ஆடுறாங்க எண்டு சொல்லி ஆரும் எழும்பிப் போறதில்ல, ஆடுறவன் எப்பிடி ஆடுறான் எண்டு விடிய விடிய இருந்து பாக்கிறாங்க. கேமுக்கு வந்தா மட்டும் ஒரு கதவு திறக்கிற அனிமேஷன் ரெண்டு கேம்ல ஒரே மாதிரி இரிந்தா வீடியோ போடுறானுகள்.

யப்பான்காரன் இத வெக்கப்படாமச் செய்யிறான். யகூசா கேமுகள்ல கமுரோச்சோ எண்டு ஒரே தெருவ எத்தினயோ பாகத்துல பாத்தாச்சு, ஒவ்வொண்டுலயும் கடை மாறும், கதை மாறும், அதால தான் அவங்களுக்கு அடிக்கடி புதுசு விட ஏலுது. ஃப்ரொம் சொஃப்ட்வேர் எல்டன் ரிங்குல தங்கட பழைய கேம் டார்க் சோல்ஸ்ல இருந்த அசைவுகளக் கனக்கப் பாவிச்சிரிக்கு. செல்டா டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் 2023ல வந்தது, 2017 செல்டாவுட அதே நிலம், அதுக்கு மேல வானமும் கீழ பாதாளமும் சேத்தாங்க. வர முன்னுக்கு இது வெறும் டிஎல்சி, பழைய கேமுக்கு ஒட்டுற மேலதிகத் துண்டு, எண்டு நக்கலடிச்சாங்க, வந்து மூண்டு நாள்ல ஒரு கோடி கொப்பி வித்திச்சு. நிலத்த திரும்பச் செய்யிற மாசங்கள மிச்சம் பிடிச்சு விளையாட்டுல போட்டாங்க.

30 பேர் எக்ஸ்பெடிஷன் 33 செஞ்சாங்க, மூண்டு பேர் சில்க்சாங் செஞ்சாங்க. பெரிய கொம்பனிக்கு ஏன் ஏலாது?

2025ட நல்ல கேள்வி இது தான். பிரான்ஸ்ல சான்ட்ஃபோல் எண்ட புது ஸ்டூடியோ, எக்ஸ்பெடிஷன் 33ஐ 2025 ஏப்ரல்ல 50 டாலருக்கு விட்டாங்க, 12 நாள்ல 20 லட்சம் கொப்பி, வருஷக் கடைசியில கேம் அவார்ட்ஸ்ல வருஷத்துட கேமும் அது தான். ஆனா அந்த 30 எண்ட கணக்க கவனமா எடுங்க. அது உள்ளுக்கு இருந்த ஆக்கள். சண்டை அசைவுகளுக்கு கொரியாவுல ஒரு சின்ன டீம், குரலுக்கு வேற ஆக்கள், டெஸ்ட் பண்ண வேற கொம்பனி, இசைக்குப் பாட்டுக்காரர் வாத்தியக்காரர், கேம் முடிய ஓடுற பேர்ப் பட்டியலப் பாருங்க. இதச் சொல்றது அவங்கட பெருமையக் குறைக்க இல்ல. நீங்க மூண்டு பேரா இருந்துகொண்டு 30 பேர் செஞ்சாங்க தானே எண்டு இறங்கி நாசமாப் போகக்கூடாது எண்டு தான் சொல்றன்.

அவங்கட கெட்டித்தனம் எங்க எண்டா, எது வேணாம் எண்டு முடிவெடுத்ததுல. திறந்த உலகம் இல்ல, சண்டையில ரெண்டு பக்கமும் முறை வச்சு மாறி மாறி அடிக்கிறது, மேப் ஒடுக்கமான பாதை, கேம் கட்டுற மென்பொருளான அன்ரியல் எஞ்சின்ல கையில கிடைக்கிறத எடுத்துப் பாவிச்சாங்க. முகத்துலயும் இசையிலயும் மட்டும் கணக்குப் பாக்காம செலவழிச்சாங்க.

சில்க்சாங் வேற கதை. 2019ல அறிவிச்சு 2025 செப்டம்பர் 4 வந்தது, 20 டாலர், வந்த நேரம் கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஸ்டீம் எண்ட ஒன்லைன் கடையே படுத்திட்டு. மூண்டு பேருக்கு ஆறேழு வருஷம் எண்டா மாசக் கணக்கு சின்னன் தான், அந்த மாசமெல்லாம் சாப்பாட்டுக்கு முதல் கேம் ஹாலோ நைட் உழைச்ச காசு இருந்தது. மேல முதலாளி இருந்திரிந்தா மூண்டாம் வருஷமே கேட்டிருப்பான்.

ஒண்டு மறக்காதீங்க, 2024ல ஸ்டீம்ல 18,000க்கு மேல கேம் வந்தது. நாங்க பேர் சொல்றது அதுல ஒரு கை விரலுக்குள்ள அடங்கும்.

கான்கோர்டுக்கு என்ன நடந்தது?

கான்கோர்ட் சோனியிட ஒன்லைன் துவக்குச் சண்டைக் கேம், 2024 ஓகஸ்ட் 23 விட்டாங்க, செப்டம்பர் 6 மூடிட்டாங்க, வாங்கின எல்லாருக்கும் காசு திருப்பி. ஒக்டோபர்ல ஸ்டூடியோவையும் மூடிட்டுது சோனி. கேம் பழுதில்ல, துவக்குச் சுடுற உணர்வு நல்லம் எண்டு விளையாடினவங்களே சொன்னாங்க. ஆனா இதே வகைக் கேமுகள் இலவசமாக் கிடைக்கக்குள்ள 40 டாலர் குடுத்து ஆர் வருவான்? வருஷக்கணக்குல செய்யிறதால தொடங்கிற நேரம் இருந்த சந்தை முடிக்கிற நேரம் இல்ல. நீங்க இண்டைக்கு எது ஓடுது எண்டு பாத்து தொடங்கினா அது ஓடி முடிஞ்ச பிறகு தான் கடைக்கு வரும்.

தம்பி, மகன் ஃப்ரீ ஃபயர் சும்மா தான் எண்டான், பிறகேன் ரீலோட்டுக்கு காசு கேக்கிறான்?

அக்கா, இறக்கிறது சும்மா, உள்ளுக்கு உடுப்பு, துவக்குக்குப் போடுற ஸ்கின், டான்ஸ் எல்லாம் காசுக்கு வாங்கிற டயமண்டுக்கு. அதுல சிலது சுத்திப் பாத்து அதிர்ஷ்டம் இரிந்தா விழுற மாதிரி வச்சிரிக்கு, அந்தச் சுத்துறதுல தான் காசு போறது. பெரும்பாலான பிள்ளைகள் ஒரு சதமும் குடுக்கிறதில்ல, கொஞ்சப் பேர் குடுக்கிற காசுல தான் கேம் ஓடுது. மாசம் இவ்வளவு தான் எண்டு முதலே சொல்லி வைங்க, ஃபோன்ல பாங்க் காட்ட மட்டும் போட்டு விடாதீங்க.

நல்லா வித்த கேம் செஞ்சவங்களையும் வேலையால நிப்பாட்டுறாங்களே, ஏன்?

கொரோனா நேரம் வீட்டுக்குள்ள இருந்த சனம் கேம் வாங்கித் தள்ளிச்சு, அது அப்பிடியே ஏறும் எண்டு நினைச்சு ஆள் எடுத்தாங்க, கொம்பனி கொம்பனியா வாங்கினாங்க. பிறகு வட்டி ஏறிச்சு, சனம் வெளியில போயிட்டு. மைக்ரோசாஃப்ட் 2023 ஒக்டோபர்ல 69 பில்லியன் கிட்டக் குடுத்து ஆக்டிவிஷன வாங்கி முடிச்சு, 2024 ஜனவரியில 1,900 பேர வீட்டுக்கு அனுப்பிச்சு, அடுத்த மாசம் சோனி 900 பேர. ஹைஃபை ரஷ் செஞ்ச டாங்கோ ஸ்டூடியோவ, அந்தக் கேம் எல்லாரும் கொண்டாடின கேம், 2024 மே மாசம் மூடினாங்க, பிறகு கொரியாவுட கிராஃப்டன் எடுத்துக் காப்பாத்திச்சு. செலவெண்டா சம்பளம் தான் எண்டு மேல சொன்னன் தானே, செலவக் குறைக்கச் சொன்னா அவங்க முதல் கை வைக்கிறதும் அங்க தான்.

ஏஐ வந்தா இதெல்லாம் மலியுமா?

சில வேலை வேகமாகும். ஆனா வேகமா முடிஞ்சா மிச்ச நேரத்துல சனம் இன்னும் கூடக் கேக்கும், இதுவரைக்கும் வந்த எல்லா டூலுக்கும் அது தான் நடந்தது. அதோட ஆக்களுக்கு பிடிக்கவும் வேணும். எக்ஸ்பெடிஷன் 33ல ஏஐ படம் கொஞ்சம் பாவிச்சது தெரிய வந்து சின்ன ஸ்டூடியோ கேமுகளுக்கான இண்டி கேம் அவார்ட்ஸ் குடுத்த விருதத் திருப்பி எடுத்தாங்க. ஸ்டீம்லயும் ஏஐ பாவிச்சா பக்கத்துல சொல்லத்தான் வேணும்.

காசு குடுக்காம கிராக் அடிச்சு விளையாடினா என்ன?

உங்கட மனச்சாட்சி, உங்கட வைரஸ். ஸ்டீம்ல இலங்கைக்கு தெற்காசிய விலை எண்டு தனியா ஒண்டு இரிக்கு, டாலர்ல தான், ஆனா கனக்கக் கேமுக்கு அமெரிக்க விலையிலும் குறைவு. ஆனி மாசமும் மார்கழியிலும் வாற சேல்ல ரெண்டு வருஷப் பழைய கேம் அரைவாசிக்கும் கீழ வரும், பிழை திருத்துற பேட்ச் எல்லாம் போட்டு முடிச்சு நல்ல கோலத்துலயும் இரிக்கும். முதல் நாளே வாங்கிறவன் கூடக் காசு குடுத்து டெஸ்ட் பண்ணிக் குடுக்கிறான், அவ்வளவு தான். சைஸையும் பாத்து வாங்குங்க, 150 ஜிபிய நைட் டேட்டாவுல இறக்கி முடிக்க எத்தின இரவு எண்டு பிறகு என்னட்ட வந்து கேக்காதீங்க.

பிஎஸ் 5ல அக்கவுண்டுக்கு இலங்கையக் காட்டுதே இல்ல?

சோனியிட லிஸ்டுல எங்கட நாடு இல்ல. அதால தான் எல்லாரும் வேற நாட்டு அக்கவுண்ட் திறந்து கிஃப்ட் கார்ட் வாங்கிறாங்க, அதுல கார்டு விக்கிறவனுக்கு மேலதிகமாக் கொஞ்சம் போகும். 2024ல ஹெல்டைவர்ஸ் 2க்கு பிசியிலும் பிஎஸ்என் (சோனியிட பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) அக்கவுண்ட் கட்டாயம் எண்டு சொல்லப் போய் இப்பிடி நாடுகள்ல ஸ்டீம்லயே கேம் விக்கிறத நிப்பாட்டினாங்க. சனம் போட்ட போட்டுல கட்டாயத்தக் கைவிட்டாங்க. சனத்துட எதிர்பார்ப்பு எப்பவும் பிழையில்ல எண்டுறதுக்கு இதையும் எழுதி வைக்கிறன்.

எங்கட ஊர்ல இருந்து ஒரு கேம் செய்ய ஏலுமா அண்ணே?

ஏலும். வகுப்புக்கு வாற ஒவ்வொருத்தனும் முதல் நாள் சொல்றது ஒண்டு தான், மட்டக்களப்ப வச்சு ஒரு ஜிடிஏ. சரி மனே, கணக்குப் பாப்பம். கோட்டையில இருந்து கல்லடிப் பாலம் வரைக்கும் மட்டும் எடு. ரெண்டு பக்கமும் ஒரு 200 கடை கட்டடம் எண்டு வை, பேர்ப் பலகையோட, கதவோட, ஒண்டுக்கு மூண்டு நாள். 600 நாள். இன்னும் ஒரு ஓட்டோ ஓடல்ல, ஒரு ஆள் நடக்கல்ல, மழை பெய்யல்ல.

அதால ஒரே ஒரு இடம், ஒரே ஒரு வேலை. வாவியில தோணி, இரவு, வலை, அவ்வளவுக்குள்ள ஒரு கேம் யோசிங்க. இல்லாட்டி ஒரு தேத்தண்ணிக் கடை. ரெண்டு மூண்டு பேர், ஆறு மாசம், அதுக்குள்ள முடியிறத மட்டும் எடுங்க. சம்பளம் குடுக்காட்டியும் உங்கட மாசத்துக்கும் விலை இரிக்கு, வீட்டுல சாப்பாடு போடுறது உங்கட முதலீட்டாளர் தான், அம்மாவுக்கு சொல்லுங்க.

காசு எண்டு பாத்தா ஸ்டீம்ல ஒரு கேம் போட 100 டாலர், கிட்டத்தட்ட 30,000 ரூபா, கேம் 1,000 டாலர் உழைச்சா அது திரும்பி வரும். விக்கிறதுல 30 வீதம் ஸ்டீமுக்கு. கோடோ எஞ்சின் முழுக்க இலவசம், அன்ரியல் பத்து லட்சம் டாலர் உழைச்ச பிறகு தான் 5 வீதம் கேக்கும், அந்தக் கவலை வாற அண்டைக்கு நாங்க எல்லாரும் சந்தோசமாக் கட்டுவம்.

தமிழ் எழுத்து போடப் போறீங்க எண்டா எஞ்சின் எடுக்க முன்னுக்கே சோதிச்சுப் பாருங்க. யூனிட்டி எண்ட எஞ்சின்ல எழுத்துக் காட்டுற வழமையான டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவுல கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும், "கெ" எண்டு அடிச்சா உடைஞ்சு வரும், சுத்தி வளைச்சுத் திருத்தத்தான் வேணும். கோடோ 4ல தமிழ் எழுத்து சேர்றது சரியா வருது, அதுக்குள்ள ஒரு யூனிகோட் ஃபொண்ட போட்டு "கொக்கட்டிச்சோலை" எண்டு அடிச்சுப் பாருங்க, அது ஒழுங்கா வந்தா மிச்சமும் வரும்.